தானாக வந்து சொன்னவர்கள்

அந்த வாடகைக் கார் ஆபீஸில் யாருடைய சொந்தப் பெயரும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. வேலைக்குச் சேர்ந்த சூட்டோடு ஒரு பட்டப்பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு வீட்டிலிருந்து பெண்டாட்டியே போன் செய்து புருஷன் பெயரைச் சொல்லிக் கேட்டாலும், "அப்படி இங்க யாரும் இல்லையேம்மா" என்று வைத்துவிடுவார்கள்.

நம் ஆளுக்கு வாய்த்த பெயர் நிதானம். காரணம் தேடி அலைய வேண்டாம். பச்சை விளக்கு எரிந்தாலும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பான். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால், "பாவம், என்ன அவசரமோ" என்று ஓரம் கட்டி வழிவிடுவான். இவன் வண்டியில் ரயிலைப் பிடிக்கப் போகிறவர்கள் அடுத்த ரயிலுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துக்கொள்வது நல்லது என்று மற்ற டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, இவன் யானைகூட இல்லை, ஆமை. அந்த ஆமைக்கும் ஒருநாள் சறுக்கியது.

எப்படிச் சறுக்கியது என்று சொல்வதற்கு முன்னால் அந்த ஆபீஸ் வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிட வேண்டும். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. அதில் ஒரு கண்ணாடி ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் ஒரு சுழல் நாற்காலி, அந்த நாற்காலியில் கட்டளை. கார் கேட்டு வருகிற போனையெல்லாம் எடுத்து, எந்த டிரைவர் எங்கே போக வேண்டும் என்று கட்டளையிடுகிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். டிரைவர்களை வரிசைப்படி கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவன் போனை எடுத்து "ம்" என்று ஒரே ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் சவாரி அவனுடையது. கொடுக்காவிட்டால் அது அடுத்தவனுக்குப் போய்விடும். இவன் வரிசையின் வாலுக்குப் போய்ச் சேர வேண்டியதுதான். அதனால் பின்சீட்டில் ஒரு சவாரி உட்கார்ந்திருக்கும்போதே அடுத்த சவாரிக்கு "ம்" சொல்லிப் பிடித்து வைப்பது அங்கே எல்லோருக்கும் பழக்கம். போன் அதற்குரிய ஸ்டாண்டில் இருக்கும்வரை, ஒரு தட்டுத் தட்டினால் போதும். கையில் எடுத்தால்தான் குற்றம்.

அந்தத் திங்கட்கிழமை நிதானத்தின் போன் ஸ்டாண்டு வெயிலில் பிடிப்பு விட்டு விழுந்துவிட்டது. போனை மடியில் போட்டுக்கொண்டு ஓட்டினான். பின்சீட்டில் ஸ்கேன் எடுக்கப் போகிற ஓர் அம்மாள். ஆஸ்பத்திரி ரோட்டில் திரும்பியதும் போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. நின்று, மறுபடி அடித்தது. மறுபடி நின்றது, மறுபடி அடித்தது. நான்காவது தடவை அடித்தபோது, ஆபீஸில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து, எடுத்துக் காதில் வைத்து "ம்" என்றான்.

"யோவ்! பாத்ரூம் சாவிய எங்கய்யா வச்ச?" என்று அலறினார் கட்டளை.

சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது. காலையில் திறந்தவன் அப்படியே போட்டுக்கொண்டு வந்துவிட்டான். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஜன்னல் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் மோட்டார் பைக்கில் ஒரு டிராபிக் போலீஸ்காரர்.

அவர் எழுதி முடிக்கும்வரை அந்த அம்மாள் முகம் சுளித்து ஒரு வார்த்தை பேசவில்லை. "பதறாதீங்க தம்பி, எனக்கு நேரம் இருக்கு" என்றார். அவரை இறக்கிவிட்டு ஆபீஸுக்கு வந்தான். கட்டளை சாவியை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினார். அவருக்குச் சர்க்கரை வியாதி. திரும்பி வந்தபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்த பிறகு, "உங்க போன எடுத்ததுக்குத்தான் என்னைப் பிடிச்சாங்க" என்று சொல்ல நிதானத்துக்கு நாக்கு எழவில்லை. போலீஸில் மாட்டியதை மட்டும் இரண்டு நாள் கழித்துச் சொன்னான்.

"எவன்யா அந்த நேரத்துல உன்னைக் கூப்பிட்டது? அவனை என் கையில குடு, நான் பாத்துக்கறேன்" என்று கொதித்தார் கட்டளை.

"தெரிஞ்சவங்கதான், விடுங்கண்ணே" என்றான் நிதானம்.

கோர்ட்டில் அபராதம் போட்டார்கள். கட்டினான். அபராதம் கட்டினால் கதை முடிந்தது என்றுதான் அவனும் நினைத்தான், ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்த மற்ற டிரைவர்களும் நினைத்தார்கள். அந்தப் பெஞ்சில் வக்கீல் என்று ஒருவன் இருந்தான். அவனும் டிரைவர்தான். ஏதோ ஒரு வழக்கில் சாட்சியாகப் போய் ஒரு பகல் முழுக்க கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்த தகுதியில் கிடைத்த பட்டம் அது.

"முடியலப்பா" என்றான் வக்கீல். "வண்டி ஓட்ட லைசென்ஸ் வேற. வாடகைக்கு ஓட்ட பேட்ஜ் வேற. கோர்ட்ல தண்டனை விழுந்தா, ஒரு வாரத்துக்குள்ள பேட்ஜ் ஆபீஸுக்குத் தானா போய்ச் சொல்லணும். ரூல் அப்படித்தான் இருக்கு."

நிதானம் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "சொன்னா?"

"சொன்னா கூப்பிட்டு விசாரிப்பாங்க. சவாரி உக்காந்திருக்கும்போது போனு கையில இருந்ததுக்குப் பேட்ஜைப் பிடுங்கலாம். அப்புறம் நீ திரும்பிக் கேக்கவே முடியாது. நான் சொல்றதைக் கேளு, சொல்லாதே. வேலில போற ஓணான எடுத்து எவனாவது வேட்டிக்குள்ள விட்டுக்குவானா?"

பெஞ்சில் இருந்த எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அப்போதுதான் அந்த ஆபீஸில் யாரும் பார்த்திராத ஒன்று நடந்தது. கட்டளை காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு, போன் அடிக்க அடிக்க, நாற்காலியை விட்டு எழுந்து வெளியே வந்தார்.

"அவன் பேச்சக் கேக்காத" என்றார். "இதே பெஞ்சுல உக்காந்துதான் எனக்கும் இதே ஓணான் கதைய இவன் சொன்னான். நானும் கேட்டேன். கொஞ்சம் வேகமா போனதுக்கு ஒரு சின்னக் கேஸு. சொல்லியிருந்தா எச்சரிச்சு அனுப்பியிருப்பாங்க. மறைச்சேன். பேட்ஜ் புதுப்பிக்கப் போனப்ப எல்லாம் வெளிய வந்துருச்சு. வேகத்துக்காக என் பேட்ஜு போகலய்யா, வாய மூடிக்கிட்டதுக்குப் போச்சு. அன்னைலருந்து இந்த நாற்காலியத்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

"பிடுங்கினா பிடுங்கினதுதான், ஆயுசுக்கும் திரும்பாது" என்று வக்கீல் தன் பங்குக்குச் சேர்த்தான்.

"நீ வாய மூடு" என்றார் கட்டளை. நிதானத்தின் பக்கம் திரும்பி, "போய்ச் சொல்லிடுய்யா. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்க முடியாது" என்றார். உள்ளே போய் உட்கார்ந்ததும் பழையபடி யார் மீதோ எரிந்து விழுந்தார்.

நிதானத்தின் மனைவி துணி தேய்க்கும் கடை ஒன்றில் வேலை பார்க்கிறவள். வீட்டுக்கு வந்தும் அவள் கை எதையாவது நீவிக்கொண்டே இருக்கும். மேஜை விரிப்பை நீவியபடியே எல்லாவற்றையும் கேட்டாள்.

"போய்ச் சொல்லிடுங்க. மறைக்கறதுக்கெல்லாம் ஒரு மூஞ்சி வேணும், அது உங்களுக்கு இல்ல" என்றாள். பிறகு, "கூப்பிட்டது அவர்தான்னும் சேத்துச் சொல்லுங்க. அவசரம்னு நெனச்சுத்தானே எடுத்தீங்க?" என்றாள்.

"அதச் சொல்ல மாட்டேன்."

"ஏங்க?"

"சவாரி ஏத்திக்கிட்டுப் போறவனை ஆபீஸ் கூப்பிடக்கூடாதுன்னு கம்பெனிக்கும் ஒரு ரூல் இருக்காம், நம்ம ஆபீஸ்ல யாரும் அதப் பாக்கறதில்ல. நான் சொன்னா கம்பெனிக்குக் கேள்வி வரும். முதலாளி தன்னைக் காப்பாத்திக்க முதல்ல அவரைத்தான் வெளிய அனுப்புவாரு. அந்த மனுஷனுக்கு அந்த நாற்காலிய விட்டா வேற நாற்காலி இல்ல. எல்லாரும் மறைன்னாங்க, அவர் ஒருத்தர்தான் எழுந்து வந்து மறைக்காதேன்னாரு. அவரையே போய் மாட்டிவிடறதா?"

"இது மறைக்கறது இல்லையா?"

"என் தப்ப நான் மறைக்கல. அவர் பேரைத்தான் சொல்லல."

அவள் விரிப்பை நீவுவதை நிறுத்தினாள். "ரெண்டுக்கும் நடுவுல ஒரு நூல்தான் இருக்கு. பாத்து நடங்க" என்றாள். இப்படிப்பட்ட ஒருத்தியைக் கட்டிக்கொள்ளத் தான் என்ன செய்தோம் என்று அவனுக்கு அடிக்கடி தோன்றும். அன்றும் தோன்றியது.

மறுநாளே பேட்ஜ் ஆபீஸுக்குப் போனான். கவுண்டரில் இருந்த பையன் தலையை நிமிர்த்தி, "நீங்களாவே வந்தீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டான். அபராதச் சீட்டைப் பார்த்துப் பதிந்துகொண்டு, விசாரணைக் குழு கூப்பிடும், அதுவரை ஓட்டலாம் என்றான். பேனாவை மூடிவிட்டு, "வந்தது நல்லதுங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்காக நிதானம் அவனை வீடுவரை நினைத்துக்கொண்டே வந்தான்.

அன்றிலிருந்து ஒரு புதுப் பழக்கம் தொடங்கியது. சவாரி ஏறி உட்கார்ந்ததும் இவன் இறங்கிப் பின்னால் போவான். போனை டிக்கியில் வைத்துப் பூட்டுவான். வந்து வண்டியை எடுப்பான். ஊர் வழியெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம், அதற்குப் போன் தேவையில்லை. இறக்கிவிட்ட இடத்தில் மறுபடி டிக்கியைத் திறப்பான். "எனக்குப் பெட்டியே கிடையாதேப்பா" என்று சவாரிக்காரர்கள் குழம்புவார்கள். எடுத்துப் பார்த்தால் கட்டளையின் அழைப்புகள் வரிசையாகக் கிடக்கும். எல்லாச் சவாரியும் கைமாறிப் போயிருக்கும். வரிசையின் வாலே அவனுக்கு நிரந்தர இடமாயிற்று. வீட்டில் கொஞ்சம் இழுத்துப் பிடித்துத்தான் செலவு செய்தார்கள். மனைவி அதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆபீஸில் நிதானம் என்ற பெயரையே மாற்றி டிக்கி என்று வைக்கலாமா என்று யோசித்தார்கள். கட்டளையோ தினமும் கத்தினார். "நீ வண்டி ஓட்டறியா, இல்ல தபால் பெட்டி ஓட்டறியா?" என்பார். நிதானம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவான்.

சில மாதம் கழித்து விசாரணைக்கு நாள் குறித்தார்கள். கம்பெனி சார்பில் ஒருவர் வர வேண்டும் என்பது விதி. முதலாளி ஊரில் இல்லை. கட்டளையைப் போகச் சொல்லிவிட்டார். அந்தச் செய்தியைக் கேட்டதும் நிதானத்துக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தைரியமும் போயிற்று. எவர் பெயரை மறைக்கப் போகிறானோ அவரே பக்கத்தில் வந்து உட்காரப் போகிறார்.

பேட்ஜ் ஆபீஸின் விசாரணை அறையில் நீள மேஜை ஒன்று. அதற்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவராக உட்கார்ந்திருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மூலையில் ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு ஒரு வாளி வைத்திருந்தார்கள். கட்டளை தேய்த்த சட்டை போட்டு வந்திருந்தார். தேய்த்துக் கொடுத்தது நிதானத்தின் மனைவிதான். அவனை எப்படிப் புகழ வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

தலைவர் அம்மாள் முதலில் அவரைத்தான் கேட்டார். "தண்டனைக்கு அப்புறம் இவர் எப்படி ஓட்டறாரு?"

கட்டளை எழுந்தார். சொல்லிக் கொடுத்ததெல்லாம் ஒரு நொடி அவர் வாயில் நின்றது. பிறகு மாதக்கணக்காகச் சேர்ந்திருந்த ஆத்திரம் மடை உடைந்து வந்தது.

"எப்படி ஓட்டறாரா? அத ஏம்மா கேக்கறீங்க! போனை டிக்கில போட்டுப் பூட்டிட்டு ஓட்டறாரும்மா! ஏர்போர்ட்டுக்கு ஆளு நிக்குது, நான் கூப்பிடறேன், கூப்பிடறேன், டிக்கிதான் கேக்குது! சவாரிய இறக்கிவிட்டுட்டுச் சாவகாசமா வந்து, 'கூப்பிட்டீங்களாண்ணே'ங்கறாரு! தொண்டைத்தண்ணி வத்திப்போச்சும்மா எனக்கு! நல்லதா நாலு வார்த்தை சொல்லணும்னுதான் வந்தேன். ஆனா பொய் சொல்லக்கூடாது பாருங்க!"

மேஜையின் வலது பக்கம் இருந்தவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். தலைவர் அம்மாள் எதையோ எழுதினார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று கட்டளைக்கு இன்னும் புரியவில்லை. பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"விதிய உங்களுக்குச் சொல்லிடறேன்" என்றார் தலைவர், நிதானத்தைப் பார்த்து. "பயணி உள்ள இருக்கும்போது போன் கையில இருந்தா பேட்ஜைத் திரும்ப வாங்கிக்கறதுதான் முறை. இது பழக்கமா செய்யற ஆள் இல்ல, இனிமே செய்ய மாட்டாருன்னு எங்களுக்கு நம்பிக்கை வந்தா மட்டும்தான் விலக்கு. அதனால கேக்கறேன். அன்னைக்குக் கூப்பிட்டது யாரு?"

"எடுத்தது நான்தாம்மா" என்றான் நிதானம்.

"அது தெரியும். கூப்பிட்டது யாரு? வீட்ல ஆபத்துன்னா அது ஒரு மாதிரி. சும்மா அரட்டைன்னா அது வேற மாதிரி."

"அது வேணாம்மா."

"வேணும். சொல்லலைன்னா நீங்க எதையோ மறைக்கறீங்கன்னுதான் நாங்க எடுத்துக்கணும். தானா வந்து சொன்னவர் நீங்க. இங்க வந்து ஏன் பூட்டிக்கறீங்க?"

மனைவி சொன்ன நூல் இப்போது அவன் காலுக்குக் கீழே இருந்தது. மகளின் படிப்பு, வீட்டு வாடகை, துணி தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப்போன மனைவியின் உள்ளங்கை எல்லாம் கண்முன் வந்தன. பக்கத்து நாற்காலியில் இருந்த மனிதரின் சர்க்கரை மாத்திரை டப்பாவும் வந்தது. "எடுத்தது நான்தாம்மா" என்றான் மறுபடியும்.

தலைவர் அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவன் முன்பு கொடுத்த வாக்குமூலத்தைப் படித்தார். "திங்கட்கிழமை காலை, ஆஸ்பத்திரி ரோட்டில, விடாம நாலு தடவை அடிச்சுது, அதனால பயந்து எடுத்தேன்னு சொல்லியிருக்கீங்க. அவ்வளவு விடாம அடிச்சது யாரு?"

கட்டளை மெல்ல நிமிர்ந்தார். திங்கட்கிழமை. காலை. நாலு தடவை. வேறு எந்த நாளை மறந்தாலும், அந்தப் பூட்டின கதவுக்கு முன்னால் தான் குதித்துக்கொண்டு நின்ற காலையை அவரால் மறக்க முடியாது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, எழுந்து நின்றார்.

"அம்மா, அது நான்."

"நீங்களா?"

"நான்தாம்மா. சவாரி உள்ள இருக்குன்னு தெரிஞ்சுதான் கூப்பிட்டேன். அவசரம்கூட இல்லம்மா. இல்ல, அவசரம்தான், ஆனா சொல்லிக்கற மாதிரி அவசரம் இல்ல." அவர் முகம் வியர்த்துவிட்டது. "பாத்ரூம் சாவியத் தேடினேம்மா. இவர் பையில இருந்துச்சு. இவரு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. எவன் கூப்பிட்டான்னு நான் துள்ளினப்பகூடச் சொல்லல. நானும் ஒருகாலத்துல வண்டி ஓட்டினவன்தான். கேஸை மறைச்சுப் பேட்ஜைத் தொலைச்சவன். மறுபடியும் ஒண்ண மறைச்சுட்டு உக்காந்திருக்க என்னால முடியாதும்மா. எழுதிக்குங்க. என் வேலை போனாலும் போகட்டும்."

தலைவர் அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதைத்தான் மறைச்சீங்களா?" என்று தலைவர் நிதானத்தைக் கேட்டார். "இதச் சொல்லியிருந்தா உங்களுக்கு நல்லதுதானே?"

"கை என்னுதும்மா" என்றான் அவன். "கூப்பிடறது அவர் வேலை. எடுக்காம இருக்கறது என் வேலை. என் வேலைய நான் செய்யல. அதுக்கு அவர் பேரை எதுக்கு இழுக்கணும்?"

இருவரையும் வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். வராந்தாவில் ஒரு இரும்புப் பெஞ்சு. இருவரும் அதில் உட்கார்ந்தார்கள்.

"ஏன்யா சொல்லல?" என்றார் கட்டளை.

"அன்னைக்கு நீங்க பாத்ரூம்ல இருந்து வெளிய வந்தப்ப மூஞ்சில அப்படி ஒரு நிம்மதிண்ணே. கெடுக்க மனசு வரல."

கட்டளை சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியிலேயே வேறாக மாறியது. தேய்த்த சட்டையின் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உம் பொண்டாட்டி கஷ்டப்பட்டுத் தேய்ச்சது, கசங்கிப்போச்சு" என்றார்.

"அண்ணே, நீங்க அன்னைக்கு எழுந்து வந்து சொல்லலைன்னா நானும் மறைச்சிருப்பேன். இன்னைக்கும் எழுந்தீங்க. நான் என்ன சொல்றது? ரொம்ப நன்றிண்ணே."

"நன்றியா? உன்னை மாட்டிவிட்டவனே நான்தான்யா! ஒருநாளாவது என்னைத் திட்டித் தொலையேன்யா."

அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள்.

பேட்ஜ் அவனிடமே இருக்கும் என்றார் தலைவர் அம்மாள். எழுத்தில் ஓர் எச்சரிக்கை. பாதுகாப்பாக ஓட்டுவதற்கான பயிற்சி வகுப்புக்கு ஒருநாள் போய்வர வேண்டும். "இந்த அறைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு செஞ்ச தப்புக்காக வர்றதில்ல, மறைச்ச தப்புக்காக வர்றாங்க. நீங்க ஒரு வாரத்துக்குள்ள தானா வந்தீங்க. அப்புறம் உங்க ஆபீஸே வந்து உங்க மேல புகார் சொல்லுது, ஓட்டும்போது போன் எடுக்கறதே இல்லைன்னு. இதைவிட நல்ல சாட்சி எங்களுக்கு இதுவரைக்கும் கிடைச்சதில்ல" என்றார்.

தான் செய்த புகாரின் அருமை அப்போதுதான் கட்டளைக்குப் புரிந்தது. தலையைச் சொறிந்துகொண்டார்.

"உங்க கம்பெனிக்கும் எழுதறோம்" என்று அவரைப் பார்த்துச் சொன்னார் தலைவர். "சவாரி இறங்கினப்புறம்தான் டிரைவரைக் கூப்பிடணும். அந்த முறைய நீங்களே போட்டு நடத்தணும்னு உங்களைக் குறிப்பிட்டே எழுதப்போறோம். அதனால உங்களை அனுப்பிடலாம்னு உங்க முதலாளி நெனைக்க மாட்டாரு."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. நிதானம் கைகூப்பினான். அந்த மூன்று முகங்களையும், கவுண்டர் பையனையும், "பதறாதீங்க தம்பி" என்ற அந்த அம்மாளையும் நினைத்துக் கொஞ்ச நேரம் கூப்பிய கையை எடுக்காமலே நின்றான். கிளம்பத் திரும்பியபோது தலைவர் கட்டளையைக் கூப்பிட்டார்.

"உங்க பேட்ஜ் போய் எத்தனை வருஷம் ஆச்சு?"

"எம் பொண்ணு ஸ்கூல் சேர்ந்த வருஷம்மா. இப்ப அவ புள்ளையே ஸ்கூலுக்குப் போகுது."

"அதுக்கப்புறம் ஏதாவது கேஸு உண்டா?"

"நாற்காலி ஓட்டறவனுக்கு என்னம்மா கேஸு?"

"அப்ப ஏன் திரும்ப விண்ணப்பிக்கல? மறைச்சதுக்குன்னு ஒரு காலம் தள்ளி வைப்பாங்க. அது எப்பவோ முடிஞ்சிருக்குமே. லைசென்ஸும் உடம்பும் சரியா இருந்தா கேக்கலாம். கிடைக்கும்னு நான் வாக்கு குடுக்க முடியாது. கேக்கறதுக்கு யாரும் தடை சொல்லல."

கட்டளை மேஜைக்கு அருகே வந்தார். "பிடுங்கினா பிடுங்கினதுதான்னு சொன்னாங்களேம்மா..."

"யாரு சொன்னது?"

"எங்க வக்கீலும்மா."

"எந்தக் கோர்ட்ல இருக்காரு?"

"எங்க டீ பெஞ்சுலம்மா" என்றான் நிதானம். கைக்குட்டைக்காரர் மறுபடி கைக்குட்டையை எடுத்தார்.

வெளியே வந்து நிதானம் மனைவிக்குப் போன் செய்தான். மறுமுனையில் இஸ்திரிப் பெட்டியின் ஆவி உஸ்ஸென்று இரைந்தது. விஷயத்தைச் சொன்னதும் இரைச்சல் நின்றது. அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. "அந்த அண்ணனை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். கூட்டிக்கொண்டு போகலாம் என்று திரும்பினால் படிக்கட்டில் ஆளைக் காணோம். வண்டிக்குப் பக்கத்திலும் இல்லை.

வாசலெல்லாம் தேடி அலைந்துவிட்டுக் கடைசியில் மறுபடி உள்ளே போய்ப் பார்த்தான். கவுண்டருக்கு முன்னால் வரிசை நீண்டிருந்தது. அதன் முகப்பில், கசங்கிய சட்டையோடு, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டளை நின்றிருந்தார். நிதானம் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றான்.

"முன்னாடி ஏதாவது தண்டனை உண்டுங்களா?" என்று கவுண்டர் பையன் கேட்டான்.

"உண்டு தம்பி" என்றார் கட்டளை. இத்தனை வருஷமாக டிரைவர்களைத் தூக்கிவாரிப் போட வைத்த அதே குரல் கூடம் முழுக்க அதிர்ந்தது. "வேகமாப் போனேன். அத யாருக்கும் சொல்லாம மறைச்சேன். மறைச்சத முதல்ல எழுதிக்க."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைக் குறைக்கவில்லை.